கிட்டார் சைடில் துளை போட்டால் பேஸ் கூடுமா?

ஆகஸ்ட் 4, காலை: வாசகர் கேள்வி

"என்னிடம் இருப்பது ஒரு ட்ரெட்நாட், பெரிய உடம்புள்ள அகூஸ்டிக் கிட்டார். யூடியூபில் ஒருவர் தன் கிட்டாரின் சைடில், வாசிப்பவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு துளை போட்டிருக்கிறார். சவுண்ட் போர்ட் என்று பெயராம். சத்தம் இரண்டு மடங்கு ஆகும், பேஸ் பிரமாதமாக வரும் என்கிறார். எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுத்து ஒரு துளை போட்டுக்கொள்ளலாமா? பெரிய துளை என்றால் இன்னும் பெரிய பேஸ்தானே?"

ஆகஸ்ட் 4, இரவு

பேஸ், அதாவது அடிக் கனம், கூடப் போவதில்லை. கொஞ்சம் குறையும். ஆசாரி வீட்டுக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கடம் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். பானையின் வாயை வயிற்றோடு அணைக்கும்போது 'கும்' கீழே இறங்கும், விலக்கினால் மேலே ஏறும். உள்ளே இருக்கும் காற்று ஒன்றுதான், வாயின் அளவுதான் மாறுகிறது. வாய் சிறுத்தால் சுருதி தாழும், விரிந்தால் உயரும். கிட்டார் பாடியும் அதே கணக்கில் ஓடுகிற பெட்டி. ட்ரெட்நாட்டில் இந்தக் காற்றின் சுருதி ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். பல கிட்டார்களில் அந்த இடத்தில் ஒரு தனிக் கனம் கேட்பது இதனால்தான்.

சைடில் துளை போடுவது பெட்டிக்கு இரண்டாவது வாய் வைப்பது. காற்றின் சுருதி மேலே போகும். திறந்த ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ். ஏற்கெனவே தள்ளி நின்ற உதவி இன்னும் தள்ளிப் போகிறது. துளை பெரிதாகப் பெரிதாக பேஸ் இளைக்கும், பெருக்காது.

அப்படியானால் அந்த யூடியூப்காரர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. கேமராவுக்குப் பின்னால் இருப்பவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

"என் நண்பரின் போர்ட் வைத்த கிட்டாரை வாசித்துப் பார்த்தேன், அறையே நிறைந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிறைந்திருக்கும், சந்தேகமில்லை. அடுத்த முறை கிட்டாரை நண்பரிடமே கொடுத்துவிட்டு எதிரே பத்தடி தள்ளி உட்காருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் ஒருவர் தடிமனான அட்டையால் போர்ட்டை மூடியும் திறந்தும் காட்டட்டும். எப்போது திறந்திருந்தது, எப்போது மூடியிருந்தது என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கள் பாடகர் குழு அறையில் இதைச் செய்தோம். வாசிக்கும் நாற்காலியில் இருந்தால் ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும், அவ்வளவு தெளிவு. எதிரே உட்கார்ந்தபோது எங்களில் நல்ல காது உள்ளவரே திணறினார். ஆறாம் கம்பியைத் தனியாக மெதுவாக மீட்டியபோது மட்டும் "இப்போ கொஞ்சம் லேசாக இருக்கு" என்று சரியாகச் சொன்னார். ஸ்ட்ரம் பண்ண ஆரம்பித்ததும் அவருக்கும் போய்விட்டது.

காரணம் எளிது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை நீளம் சுமார் 3.4 மீட்டர். கிட்டார் பாடி அதற்கு ஒரு தடையே இல்லை, சுற்றி வளைத்துக்கொண்டு பின்னாலும் வரும், உங்கள் காதுக்கும் வரும். 3,000 ஹெர்ட்ஸின் அலை நீளமோ 11 சென்டிமீட்டர்தான். அது டாப்பிலிருந்து, அதாவது முன்பலகையிலிருந்து, முன்னால் நேராகப் போகும். ஆக, வாசிப்பவர் வாழ்நாள் முழுக்கத் தன் கிட்டாரின் மழுங்கிய பின்பக்கத்தைத்தான் கேட்கிறார். போர்ட் வைத்ததும் அந்த மேல் சுருதிகளில் கொஞ்சம் அவர் பக்கமும் வருகிறது. உடனே 'சத்தம் கூடிவிட்டது' என்று தோன்றுகிறது.

என் கட்சி இதுதான். போர்ட் என்பது வாசிப்பவருக்கான மானிட்டர், மேடையில் இருப்பவர் தன் ஒலியைத் தானே கேட்க வைத்துக்கொள்ளும் ஸ்பீக்கர் மாதிரி. டோனை மாற்றும் கருவி என்று நினைத்து வெட்டினால் ஏமாற்றம்தான்.

ஆகஸ்ட் 7

வெட்டாமல் சோதிக்க வழி உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உண்டு, காசு செலவும் இல்லை. வீட்டில் பீரோ இருக்கிறதா? அதைப் பார்த்தபடி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். முன்னால் போகும் ஒலி அப்படியே திரும்பி உங்கள் மேல் விழும். சுவர் மூலை இன்னும் நல்லது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து வாசித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் பிடித்தால் போர்ட்டும் பிடிக்கும். 'இரைச்சலாக இருக்கே' என்று தோன்றினால் துளை வேண்டாம்.

இன்னொன்று. சவுண்ட்ஹோலில், அதாவது முன்னால் இருக்கும் பெரிய துளையில், கால் பங்கை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு ஆறாம் கம்பியை மீட்டுங்கள். ஒலி கொஞ்சம் இருண்டு கீழே இறங்குவது கேட்கும். துளை போட்டால் நடக்கப்போவது இதற்கு நேர் எதிர்.

ஆகஸ்ட் 7, சற்று நேரம் கழித்து

"அப்போ துளைக்குப் பதில் இன்னொரு பீரோ வாங்கிவிடுகிறேன்" என்றவருக்கு: வாங்குங்கள், நகையும் வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 8

இடது கைப் பழக்கம் உள்ள மகனுக்கு இதே கிட்டாரைக் கம்பி மாற்றிப் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: கொடுக்கலாம். ஆனால் போர்ட் அவன் தொடையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

அப்புறம், போர்ட்டின் உண்மையான பெரிய நன்மையை யாருமே சொல்லவில்லை. உள்ளே விழுந்த பிக்கை எடுக்க கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்க வேண்டாம். மொபைல் டார்ச்சை ஒரு துளையில் காட்டி இன்னொரு துளை வழியாக உள்ளே பிரேஸிங், அதாவது பலகையைத் தாங்கும் பட்டைகள், ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

தீமையும் ஒன்று உண்டு. சுவரில் மாட்டி வைத்த என் கிட்டாரின் போர்ட்டில் குளவி மண் கொண்டுவந்து அப்ப ஆரம்பித்துவிட்டது. குளவி கூடு கட்டினால் வீட்டில் விசேஷம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வயதில் யாரும் இல்லை என்பதால் துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

இந்த இழையில் எண்கள் குறைவு என்று குறைப்பட்டவருக்காக உட்கார்ந்து எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவலாம்.

ட்ரெட்நாட்டின் சவுண்ட்ஹோல் விட்டம் 10 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். 4 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு போர்ட் வைத்தால் அதன் பரப்பு பெரிய துளையின் பரப்பில் 16 சதவீதம்தான். இதைப் பார்த்து 'சின்னத் துளைதானே, என்ன ஆகிவிடும்' என்று நினைப்பது இயல்பு. ஆனால் மெல்லிய பலகையில் உள்ள துளை வழியாகக் காற்று எவ்வளவு சுலபமாகப் போய்வரும் என்பது பரப்பைவிட விட்டத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் இந்தத் துளை பெரிய துளையில் 40 சதவீதம். சுவர்கள் அசையாத பெட்டி என்று வைத்துச் சூத்திரத்தில் போட்டால் காற்றின் சுருதி 18 சதவீதம் ஏற வேண்டும், கிட்டத்தட்ட மூன்று ஃப்ரெட் அளவு.

நடைமுறையில் அவ்வளவு ஏறாது. கிட்டாரின் டாப்பும் பேக்கும் (பின்பலகை) காற்றோடு சேர்ந்தே அசைகிறவை. டாப்பின் சொந்த அதிர்வு 200 ஹெர்ட்ஸை ஒட்டி மேலே நின்றுகொண்டு கீழே இருக்கும் காற்றின் அதிர்வை அமுக்கி வைத்திருக்கிறது. என் பழைய கிட்டாரில் துளைக்கு முன் உச்சம் ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே இருந்தது. துளைக்குப் பின் ஏ-வை ஒட்டிப் போய் நின்றது.

அளப்பது சுலபம். கம்பிகளைத் துணியால் அமுக்கிவிட்டு பிரிட்ஜ் (டாப்பில் கம்பிகள் கட்டியிருக்கும் கட்டை) பக்கத்தில் விரல் நுனியால் தட்டுங்கள். அதை மொபைலில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டு ஸ்பெக்ட்ரம் (எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) பாருங்கள். முதல் மேடு காற்று, அடுத்த பெரிய மேடு டாப். மென்பொருள் வேண்டாம் என்றால் சவுண்ட்ஹோலுக்குப் பக்கத்தில் வாயை வைத்து அடித்தொண்டையில் 'ம்' என்று சுருதியை மெதுவாக இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் பெட்டி கையில் அதிரும். ஆண் குரலுக்கு எட்டுகிற இடம்தான்.

இதில் எனக்குப் பிடித்த துணைக்கதை ஒன்று. துளையின் நடுவைவிட ஓரத்தில்தான் காற்று அதிகமாக ஓடுகிறது. ஒரே பரப்பை நீளமாக, ஒல்லியாக இழுத்து வெட்டினால் ஓரம் கூடும், வேலையும் கூடும். 2015-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வயலினை வைத்து இதைக் காட்டினார்கள். அமாத்தி, ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி என்ற இத்தாலிய வயலின் கைவினைஞர்களின் காலங்களில் எஃப் வடிவத் துளை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்திருக்கிறது, அதனால் காற்றின் பங்கும் கூடியிருக்கிறது. ஆகவே 'வட்டமாக வேண்டாம், இலை மாதிரி வெட்டினால் பாதிப்பு குறையும்' என்று இங்கே ஒருவர் சொன்னது தலைகீழ். அதே பரப்பில் இலை வடிவம் காற்றின் சுருதியைக் கூடுதலாகவே ஏற்றும். பார்க்க அழகு, அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 12

நேற்று எழுதியதில் ஒரு வரியை விரிக்க வேண்டும். 'ஏ-வை ஒட்டிப் போய் நின்றது' என்றேன் அல்லவா? அது சின்ன விஷயம் இல்லை. திறந்த ஐந்தாம் கம்பி ஏ, 110 ஹெர்ட்ஸ். முன்பு உச்சம் இரண்டு சுரங்களுக்கு நடுவே யாருக்கும் தொந்தரவில்லாமல் படுத்திருந்தது. இப்போது திறந்த ஏ-வை மீட்டினால் மட்டும் பெட்டி துள்ளி எழுந்து, ஒரு கணம் கத்திவிட்டுச் சட்டென்று அடங்கிவிடுகிறது. பக்கத்துச் சுரங்கள் எல்லாம் சாதுவாக இருக்க இது ஒன்று மட்டும் திமிறும். ஏ மைனரில் கை போகும்போதெல்லாம் எரிச்சல்.

தீர்வு எளிமையாகவே கிடைத்தது. மெல்லிய ஈட்டி மரத் தகட்டில் ஒரு மூடி செய்து, உள்ளே சின்னக் காந்தம் ஒட்டி, போர்ட்டின் மேல் நகர்த்துகிற மாதிரி வைத்தேன். முக்கால் பங்கு மூடினால் உச்சம் ஏ-விலிருந்து விலகிக் கீழே வந்துவிடுகிறது. காதுக்கு வரும் தெளிவு பெரிதாகக் குறையவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் முழுக்கத் திறந்துகொள்வேன், தனியே இரவில் விரலால் வாசிக்கும்போது முழுக்க மூடிக்கொள்வேன்.

இப்போது யாராவது 'எந்த அளவு நல்லது' என்று கேட்டால் மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எந்தச் சுரத்தில் போய் நிற்கும் என்று வெட்டுவதற்கு முன் துல்லியமாகச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 13

'கிட்டாரின் வாயை நோண்டுவதெல்லாம் இந்தக் காலத்துப் பைத்தியம்' என்ற பெரியவருக்கு மரியாதையுடன். ஸ்பெயினில் அந்தோனியோ டி டோரஸ் 1856-இல் செய்த 'லா லியோனா' கிட்டாரில் சவுண்ட்ஹோலுக்குள் ஓர் உலோகக் குழாய் உண்டு, தோர்னவோஸ் என்பார்கள். கழுத்து நீண்டால் காற்றின் சுருதி தாழும் என்பதைச் சூத்திரம் போடாமலே காதால் கண்டுபிடித்திருக்கிறார். போர்ட்டுக்கு நேர் எதிரான வேலை.

அமெரிக்கப் பக்கம் போனால் கிட்டாரிஸ்ட் கிளாரன்ஸ் வைட் வைத்திருந்த 1935 மார்ட்டின் டி-28 ட்ரெட்நாட். பின்னால் டோனி ரைஸ் கைக்கு வந்து புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை உலகத்தில் எல்லோரும் பேசுகிற கிட்டார் ஆனது. அதன் சவுண்ட்ஹோலை யாரோ அளவுக்கு மீறிப் பெரிதாக்கிவிட்டார்கள். மார்ட்டினுக்கே உரிய அந்த முழங்கும் பேஸ் அடங்கி, ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும் கிட்டார் அது. பேஸ் குறைவது எல்லோருக்கும் நஷ்டம் இல்லை. வேகமாக லீட் வாசிப்பவருக்கும் மைக் முன்னால் ஸ்ட்ரம் பண்ணுகிறவருக்கும் அந்தக் 'கும்' தொல்லைதான்.

ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ராய்ன்ஹார்ட் வாசித்த செல்மர் கிட்டார்களில் பெரிய டி வடிவ வாயும் உண்டு, சின்ன முட்டை வடிவ வாயும் உண்டு. அதை ஆரம்பித்தால் இந்த இழை முடியாது.

ஆகஸ்ட் 15, விடுமுறை

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வெட்டியே தீருவேன் என்பவர்களுக்கு.

முதலில் எந்தக் கிட்டார்? திட மரத்தில் செய்த, விலை உயர்ந்த, வாரன்டி உள்ள கிட்டார் என்றால் கை வைக்காதீர்கள். விற்கும்போது விலையும் அடிபடும். லாமினேட் சைடு உள்ள பழைய கிட்டார் ஒன்று பிடியுங்கள். அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் பிளக்காது. திட மரம், குறிப்பாக ஈட்டி, நார் ஓடும் திசையில் பிளக்கும். சைடின் தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர் என்பதை மறக்கக்கூடாது. துளை ஓரத்தில் தொடங்கும் ஒரு மயிரிழை விரிசல் கிட்டாரின் இடுப்பு (நடுவில் ஒடுங்கும் இடம்) வரை ஓடிவிடும். அதனால் வெட்டும் இடத்துக்கு உள்பக்கம் மெல்லிய மரத்தகடு ஒன்றை நார் குறுக்காக வரும்படி முதலிலேயே ஒட்டிக் காயவிட வேண்டும். துளையைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும்.

இடம்: கிட்டாரை மடியில் வைத்து வழக்கம்போல் உட்காருங்கள். ஆறாம் கம்பிப் பக்கச் சைடில், இடுப்புக்கும் நெக் சேரும் இடத்துக்கும் நடுவே, உங்கள் முகம் பார்க்கும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். கை மறைக்காத இடமா என்று ஸ்ட்ரம் பண்ணிப் பாருங்கள். உள்ளே டார்ச் அடித்து, டாப்பையும் பேக்கையும் சைடோடு பிடித்திருக்கும் பல் பல்லான மரப்பட்டையும் குறுக்குப் பட்டைகளும் வழியில் இல்லையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 12 கேஜ் கம்பி செட் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம்) 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்குவதில் நெக் பக்கத்துச் சைடுகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே நெக்கை ஒட்டி வேண்டாம், கொஞ்சம் தள்ளியே.

வெட்டுவது: மேலே மாஸ்கிங் டேப், உள்ளே ஒரு மரத்துண்டால் முட்டு. ஸ்டெப் டிரில்லால் மெதுவாக, சின்ன அளவிலிருந்து. அகலமான பிளேடு டிரில் பிட் வேண்டவே வேண்டாம், அது கவ்வி இழுத்துவிடும். பிறகு ஒரு உருளைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றிக் கையால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். நடுநடுவே கம்பி ஏற்றி வாசித்துப் பாருங்கள். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சில் தொல்லையும் தரும், மாஸ்க் போடுங்கள்.

கதவு நிலைக்குத் துளை போடுகிற கை இதற்குச் சரிவராது. எங்கள் ஆசாரி டிரில்லை எடுத்த வேகத்தைப் பார்த்ததுமே கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டீ மட்டும் குடித்தோம்.

ஆகஸ்ட் 17

'இவ்வளவு நல்லதென்றால் கம்பெனிகள் ஏன் செய்யவில்லை?' செய்கிறார்கள். கிப்சன் 2021-இல் ஜெனரேஷன் கலெக்‌ஷன் என்று நான்கு மாடல்களை இறக்கியது. நான்கிலும் பிளேயர் போர்ட் உண்டு. 1964-இலேயே ஒரு மாதிரியில் முயன்றோம் என்பது அவர்கள் கணக்கு. பெயரைப் பாருங்கள், பிளேயருக்கு என்றே சொல்லிவிட்டார்கள். கிளாசிக்கல் பக்கம் ராபர்ட் ரக், கென்னி ஹில், ஆர்ச்டாப்பில் (டாப் வளைந்த கிட்டார்) ஜான் மான்டலியோன் என்று கைவினைஞர்கள் அதற்கு முன்பே செய்துவந்தார்கள். ஆலன் கரூத் இன்னும் ஒருபடி மேலே போய், சைடு முழுக்கத் துளைகள் போட்டுக் கார்க்கால் அடைத்த ஒரு கிட்டாரைச் சோதனைக்கென்றே செய்தார். எதை வேண்டுமானாலும் பிடுங்கிக் கேட்கலாம்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. போர்ட் வரப்போகிறது என்று முதலிலேயே தெரிவதால் முன் வாயைக் கொஞ்சம் சிறிதாக்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். முடிந்த கிட்டாரில் வெட்டுகிற நமக்கு அந்த வசதி இல்லை.

ஆகஸ்ட் 18

இரவு படுத்த பிறகு தோன்றியது. 5-ஆம் தேதி எழுதியதில் மேல் சுருதிகளை மட்டுமே சொன்னேன். ஆனால் போர்ட்டைத் திறக்கும்போது காதில் முதலில் உறைப்பது நடுப்பகுதி, ஒரு 'ஆ' என்கிற திறப்பு. அதற்கு அலை நீளம் மட்டும் போதாது.

பெட்டிக்குள் காற்று மொத்தமாகப் போய்வருவது ஒன்று. நீளவாக்கில் இப்படியும் அப்படியும் மோதுவது இன்னொன்று. இது 350 முதல் 400 ஹெர்ட்ஸ் பக்கம். இதில் அழுத்தம் பெட்டியின் இரண்டு முனைகளிலும் அதிகம், நடுவில் குறைவு. சவுண்ட்ஹோல் நடுவை ஒட்டி இருப்பதால் இந்த ஒலி அதன் வழியாக அவ்வளவாக வெளியே வராது. போர்ட்டோ மேல்முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தம் இருக்கும் இடத்தில் வாய் வைத்தால் வெளியே வரத்தானே செய்யும்?

ஆகவே 'டோன் மாறவே மாறாது' என்று சாதிப்பவர்களோடும் நான் இல்லை. மாறுகிறது, வாசிப்பவர் பக்கம் அதிகமாக, எதிரே இருப்பவருக்குக் கொஞ்சமாக.

ஆகஸ்ட் 21

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள்.

மேடைக்கு உதவுமா? டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாம் இருக்கும் மேடையில் போர்ட் இருப்பதே தெரியாது, மானிட்டர்தான் கதி. ஃபீட்பேக் தொல்லைக்கு சவுண்ட்ஹோலில் ரப்பர் மூடி போடுகிறவர்கள் போர்ட்டையும் மூடிக்கொள்ள வேண்டும், ஒன்றை மட்டும் மூடினால் பாதி வேலைதான். பிக்கப்பிலிருந்து ஆம்புக்குப் போகும் ஒலியில் நான் கேட்டவரை வித்தியாசம் சொல்லும்படி இல்லை. மைக் இல்லாமல் நாலைந்து பேர் சேர்ந்து பாடுகிற இடம், வீட்டுப் பயிற்சி, குரலோடு சேர்ந்து மெதுவாக வாசிப்பது, இங்கேதான் போர்ட் உழைக்கிறது. சத்தம் கேட்கவில்லையே என்று ஓங்கி அடிப்பது குறையும், கை லேசாகும். எனக்கு லாபம் அதுதான்.

ரெக்கார்டிங்கில் போர்ட் பக்கம் இரண்டாவது மைக் வைக்கலாமா? வைத்துப் பார்த்தேன். என் மூச்சும் சட்டைப் பொத்தான் உரசலும் அழகாகப் பதிவாகியிருந்தன. முன்னால் 12-ஆம் ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு மைக் போதும், போர்ட்டை மூடிவிடுங்கள்.